செய்வா என்று சொன்ன அத்தை

அந்த எண்ணம் எனக்கு வந்தது வகுப்பறையில், மூன்றாவது பெஞ்சில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி வகுப்பு கொட்டாவி விடும் நேரத்தில். சிறப்புக் கல்வி பி.எட்., முதல் வருஷம். பாலக்காட்டு வெயில் ஜன்னல் வழியாக என் நோட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் அன்றைக்கு ஒரு கேள்விப் பட்டியலை நடத்தினார். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு அன்றாடத்தில் எது முடியும், எது முடியாது என்று பார்ப்பதற்கான பட்டியல். பிள்ளையிடம் கேட்பதில்லை, அம்மாவிடம் கேட்பது. தானே தலை சீவுமா? தானே பட்டன் போடுமா? துணைக்கு ஆள் இல்லாமல் அக்கம்பக்கம் போய் வருமா?

மூன்றாவது கேள்வியில் என் பேனா நின்றுவிட்டது. இந்தக் கேள்விகள் எனக்குத் தெரிந்தவை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், நான் பிளஸ் டூ படிக்கும்போது, மாவட்ட ஆஸ்பத்திரியில் நடந்த முகாமில் ஒரு மேடம் இவற்றை மலையாளத்தில் கேட்டார். நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி, எங்கள் பக்கத்து வீட்டு அத்தையின் பதிலைத் திரும்ப மலையாளத்தில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். செய்வா.

அதற்கு எவ்வளவு மதிப்பெண் விழுந்திருக்கும் என்று நோட்டின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன். பிறகு அதை அடித்துவிட்டேன்.

அதே வாரம்தான் ‘எனது கற்பித்தல் தத்துவம்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். என் அறைத்தோழி கவிதா வடகரப்பதிக்காரி, தென்னந்தோப்பு வீட்டுப் பெண். அரைமணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டுக் கட்டிலில் கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க டீச்சரம்மா, இன்னும் தலைப்புலயே நிக்கறீங்ளா?”

“நீ என்ன எழுதின?”

“ஒவ்வொரு குழந்தையும் ஒரு பூவுன்னு ஆரம்பிச்சேன். அந்தப் பூவ வெச்சே ரெண்டு பக்கத்த ஓட்டிப்போட்டேன். நீயும் ஒரு செடியோ கொடியோ புடிச்சுக்க புள்ள.”

எனக்குச் செடி கொடி எதுவும் அகப்படவில்லை. அத்தைதான் வந்து நின்றார்.

சொந்தத்தில் அவர் அத்தை இல்லை. மாட்டுப்பட்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் தேயிலை எஸ்டேட். ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடுகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் லயத்தில், எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சுவர். சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே தும்மினால் இங்கே ‘ஸ்தோத்திரம்’ சொல்லலாம். அவருடைய ஒரே மகள் மெர்சியும் நானும் ஒரே மாசத்தில் பிறந்தவர்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பாதிரியார் கையால் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். நான் ஒரு வயதில் நடந்தேன். மெர்சி நாலு வயதில் நடந்தாள். அத்தைக்கு அது ஒரு வித்தியாசமாகவே படவில்லை. “ரெண்டு பேரும் நடந்துட்டீகல்லா, பின்ன என்ன?” என்பார். மாமா முன்பே இறந்துபோயிருந்தார். அந்த வீட்டில் இந்த இரண்டு பேர்தான்.

அத்தையைச் சொல்ல வேண்டுமென்றால் காலை ஏழு மணியிலிருந்து சொல்ல வேண்டும். ரப்பர் பூட்ஸ் போட்டு, இடுப்பில் தார்ப்பாய்த் துண்டைச் சுற்றிக் கட்டி, தலையில் துணி கட்டி, கொழுந்து வெட்டும் கத்திரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். உள்ளே மெர்சி ஸ்வெட்டருக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருப்பாள். ஐந்து பட்டன். அத்தை கை வைக்க மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், அது தானாக நீண்டுவிடுமோ என்று பயந்தது போல.

எங்கள் அம்மாவுக்குத்தான் பொறுக்காது. “ஏன்க்கா, நீங்களே போட்டுவிட்டுட்டு வந்தா என்ன? பிரட்டுக்கு மணி அடிச்சாச்சு.”

“போடுவா.”

“மூணாவதுலயே நிக்காளே!”

“அடுத்தது நாலாவதுதான?”

பிரட்டு என்பது காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. அத்தை அங்கே கடைசியாகத்தான் ஓடி வருவார். சூப்பர்வைசர் நோட்டைத் தட்டிக்கொண்டே கேட்பார்: “வாங்க மகாராணி, தேர எங்க நிப்பாட்டிருக்கீங்க?” வரிசை முழுக்கச் சிரிக்கும். அத்தையும் சேர்ந்து சிரிப்பார். ஏன் தாமதம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தண்டனையாகச் சரிவான தேயிலைக் காட்டைத் தருவார்கள். போவார். மாலையில் நிறுத்துப் பார்த்தால் அவர் மூட்டைதான் கனமாக இருக்கும்.

எனக்கு அப்போது அவரை ரொம்பப் பிடிக்கும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் மெர்சி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் அவளை யாரும் சேர்க்கவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். நாலு வரை எண்ணுவாள். என் பெயரை எழுதுவாள். அவள் பெயரில் எழுத்து அதிகம் என்று என் பெயரைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அத்தை அந்தச் சிலேட்டை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

ஆனால் பயமாக இருந்த நாளும் உண்டு. ஒருநாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். நாங்கள் ஓடினால், மெர்சி முன்கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து நிற்கிறாள். சத்தம் வரவில்லை. முழங்கை வரை கொதிநீர் பட்டுச் சிவந்து கிடக்கிறது. அத்தை அவளைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப்போய்க் கையை முக்கிப் பிடித்தார். எங்கள் அம்மா கத்தினார்: “அடுப்புப் பக்கம் இவள விடலாமாக்கா? உங்களுக்குப் புத்தி இருக்கா?”

“டீ போட்டா.”

“எங்க போட்டா? கொட்டிக்கிட்டுல்லா நிக்கா!”

அத்தை திரும்பி அடுப்பைப் பார்த்தார். ஒரு டம்ளரில் முக்கால்வாசி டீ இருந்தது. ஒரு கையால் மெர்சியைப் பிடித்தபடியே இன்னொரு கையால் எடுத்துக் குடித்தார். “சீனி போட்டுருக்காட்டி,” என்றார் என்னிடம். எனக்கு அப்போது பதிமூன்று வயது. அந்த டீயை அப்போது ஏன் குடித்தார் என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

தன் விஷயத்திலும் அவர் இப்படித்தான். ஒருமுறை முட்டு வீங்கி எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

“நடக்க முடியுமா?”

“நடப்பேன் சார்.”

“மேடு ஏற முடியுமா?”

“ஏறுவேன் சார்.”

“முட்டு மடக்கி உக்கார முடியுமா?”

“உக்காருவேன் சார்.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். “பின்ன எந்தினா, எதுக்கு வந்தே?”

“வலிக்கி சார்.”

வழி முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்தேன். அத்தையும் சிரித்தார், நொண்டிக்கொண்டே.

இவ்வளவையும் யோசித்துத்தான் அந்த மூன்றாவது பெஞ்சில் எனக்கு ஒரு விளக்கம் பிடிபட்டது. விளக்கம் என்றால் எனக்கு உடனே பிடிபடும்; அது சரியா என்று பார்ப்பதற்குத்தான் நாளாகும். எஸ்டேட்டில் கையில் காகிதத்தோடு ஒருவர் நின்று ‘முடியுமா’ என்று கேட்டால், ‘முடியும்’ என்றுதான் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு நின்றாலும் சொல்ல வேண்டும். முடியாது என்றால் அன்றைக்குப் பெயர் விழாது, கூலி கிடையாது. இரண்டு தடவை சொன்னால் இவளால் ஆகாது என்று ஆகிவிடும். முப்பத்தைந்து வருஷம் காலைதோறும் இதற்கே பதில் சொன்ன வாய். ஆஸ்பத்திரியிலும் ஒரு மேடம் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டார். அத்தை பிரட்டில் நிற்பதாக நினைத்துப் பதில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முகாமுக்கு நாங்கள் போன காரணம் இது. பஞ்சாயத்தில் ஒரு சிறப்புப் பள்ளி திறந்திருந்தார்கள். எங்கள் எஸ்டேட் முக்கு வரைக்கும் வேன் வரும். மெர்சியைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வார்கள், ஏதாவது கைவேலையும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக மெடிக்கல் போர்டு சர்டிபிக்கெட் கொடுக்க வேண்டும். மெர்சி கிறிஸ்துமஸுக்கு எடுத்த மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். அத்தை அவளுக்குப் பவுடர் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் குத்திக் கூட்டிவந்திருந்தார்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா, சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலை. மெர்சியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்னக்கா இப்படிச் சிங்காரிச்சுக் கூட்டியாந்துருக்கீங்க? உள்ள போனா எது கேட்டாலும் முடியாது, தெரியாதுன்னு சொல்லிருங்க. போன தடவ நான் கொஞ்சம் செய்வான்னு சொல்லித்தான் கெட்டேன்.”

அத்தை உடனே மெர்சியின் தோளைப் பிடித்துத் திருப்பி, வராந்தாவின் கடைசியில் இருந்த மீன்தொட்டிக்குக் கூட்டிப்போய்விட்டார். “மீன் பாரு, மீன் பாரு” என்று ரொம்ப நேரம் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முறை போய்விடுமோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

உள்ளே மெர்சியை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். மேடம் நல்லவர், பொறுமையாகத்தான் கேட்டார். தானே சாப்பிடுவாளா? சாப்பிடுவா. குளிப்பாளா? குளிப்பா. உடுத்துவாளா? உடுத்துவா. தனியாக இருப்பாளா? இருப்பா. கடைக்குப் போய் வருவாளா? அத்தை ஒரு நொடி என்னைப் பார்த்தார். போவா. ஒவ்வொன்றுக்கும் மெர்சி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் சும்மா இருந்தேனா? அதுவும் இல்லை. “எழுதவும் செய்வாள் மேடம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன்” என்று கேட்காததையும் மலையாளத்தில் சேர்த்துச் சொன்னேன். மேடம் காகிதம் கொடுத்தார். மெர்சி என் பெயரை எழுதினாள். தமிழ் வாசிக்கத் தெரியாத மேடம் அதை அவள் பெயர் என்றே நினைத்துக்கொண்டு, “மிடுக்கி” என்று பாராட்டினார். நான் திருத்தவில்லை.

சர்டிபிக்கெட் வர ஐந்து மாசம் ஆயிற்று. இருபத்தைந்து சதவீதம். பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, “இது போரா” என்று, போதாது என்று, திருப்பிக் கொடுத்தார். மறுபடி பரிசோதனைக்கு அப்பீல் செய்யலாம் என்றார். அத்தையிடம் சொன்னேன். அவர் அந்தத் தாளை வாங்கி அதிலிருந்த இலக்கத்தை விரலால் தடவினார்.

“நூத்துக்கு இருபத்தஞ்சா?”

“ஆமா அத்தை.”

“குறை அம்புட்டுத்தானா? மிச்சம் எழுபத்தஞ்சும் நல்லாத்தான இருக்கு?”

அப்பீல் செய்யவில்லை. அதை லேமினேட் செய்து, வீட்டில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். சபையிலிருந்து ஜெபம் பண்ண வருகிறவர்களுக்கு முன்பு சிலேட்டைக் காட்டினவர், இப்போது அதைக் காட்டினார். சிறப்புப் பள்ளி வேன் தினமும் முக்குவரை வந்து, திரும்பிப் போகும். மெர்சி வாசலில் நின்று கையாட்டுவாள்.

இரண்டு வருஷத்தில் அத்தைக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. எஸ்டேட்டில் ஓய்வு என்றால் வீட்டையும் விட வேண்டும். குடும்பத்தில் வேறு யாராவது வேலையில் இருந்தால்தான் லயத்தில் இருக்கலாம். பெரிய பிள்ளைகள் உள்ளவர்கள் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டு அப்படியே இருந்துகொள்வார்கள். அத்தையும் ஒருநாள் காலை மெர்சிக்குத் தன் பூட்ஸை மாட்டி, தார்ப்பாய் கட்டி, பிரட்டுக்குக் கூட்டிப்போனார். மேனேஜரே வந்திருந்தார்.

“இந்தப் பொண்ணு வேலை செய்யுமா?”

“செய்வா சார்.”

சூப்பர்வைசர் அன்றைக்குக் கேலி பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நாள் பார்க்கலாம் என்றார்கள்.

முதல் நாள் மெர்சி கத்திரியால் கொழுந்தோடு முத்தல் இலையையும் கம்பையும் சேர்த்து வெட்டினாள். இரண்டாவது நாள் அத்தை விடுப்பு போட்டு அவள் பின்னாலேயே நின்றார். கொஞ்சம் சரியாக வந்தது. மூன்றாவது நாள் பின்னால் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் எல்லாரும் இறங்கி வந்தாகிவிட்டது, மெர்சி மட்டும் வரவில்லை. மழை. தேடிப் போனால், காலையில் நிறுத்தின அதே வரிசையில், அதே செடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். செடியில் ஒரு இலை கிடையாது. அடுத்த செடிக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போ என்றும் யாரும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அவள் எல்லாம் முடிந்தவள். எஸ்டேட்டுக்கு முடியாதவள். இரண்டையும் காகிதத்தில்தான் எழுதினார்கள்.

அந்த மாசக் கடைசியில் அவர்கள் போடிக்குக் கீழே ஒரு ஊருக்கு, அத்தையுடைய அண்ணன் மகன் வீட்டுக்குப் போனார்கள். சாமான் ஏற்றின ஜீப்பில் முன்சீட்டில் அத்தை, மடியில் அந்த லேமினேட் தாள். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வாசல் வரைக்கும் வந்து கையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

இந்த வாரம் நான்தான் போன் செய்தேன். முதலில் எடுத்தது அண்ணன் மகன். போன மாசம் அத்தை இரண்டு தடவை மயங்கி விழுந்தாராம். இரண்டாவது தடவை வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர்கள் தோட்டத்திலிருந்து திரும்பி வரும்வரை மெர்சி பக்கத்தில் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். “எங்களால எத்தன நாளைக்கு முடியும், சொல்லுங்க. அங்க டவுன்ல ஒரு காப்பகம் இருக்கு. நாப்பது இருந்தாத்தான் சேப்பாங்களாம்,” என்றார். அடுத்த மாசம் அங்கேயும் முகாம் இருக்கிறது. ஆதாரில் விலாசம் மாற்றியாகிவிட்டது. போர்டு புதிதாகப் பார்க்கும்.

அத்தை வந்தார். “ஏட்டி, டீச்சர் ஆயிட்டியா?”

“இன்னும் இல்ல அத்தை. மயக்கம் வந்துச்சாமே?”

“எந்திரிச்சுட்டேன்லா.”

நான் வேகவேகமாக என் விளக்கத்தைச் சொன்னேன். இது பிரட்டு இல்லை, இங்கே முடியாது என்று சொன்னால் யாரும் பெயரை வெட்ட மாட்டார்கள், சொன்னால்தான் பெயரே விழும், அந்த ஆஸ்பத்திரியில் பழக்கதோஷத்தில் செய்வா செய்வா என்று சொல்லிவிட்டீர்கள் என்று. மூச்சு விடாமல் பேசினேன் போலிருக்கிறது. அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார்.

“எனக்குத் தெரியாதாட்டி?” என்றார். “அந்த ஏலத்தோட்டத்துக்காரி சொன்னாள்லா. முடியாதுன்னு சொன்னாத்தான் கிடைக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“பின்ன ஏன் அத்தை?”

“நடுவுல உக்காந்துருந்தாளே. அவ முன்னாடியா சொல்லச் சொல்லுத? கேட்டுக்கிட்டிருந்தால்லா.”

எனக்கு அந்த மீன்தொட்டி ஞாபகம் வந்தது.

பிரட்டில் காரணம் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றதும், அந்த முக்கால் டம்ளர் டீயும்கூட. மெர்சிக்கு எவ்வளவு புரியும் என்று அளக்கத்தான் எங்களுக்கு இந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அத்தை அளக்கவில்லை. புரியும் என்று வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷம் அவள் காதில் படுகிற தூரத்தில் ‘மாட்டா’ என்ற சொல்லைச் சொல்லாமலே இருந்துவிட்டார். அதற்காக ஒரு பள்ளிக்கூடத்தை விட்டார். அது சரியா என்று என்னைக் கேட்டால் தெரியவில்லை. சரி என்று எழுத முடியவில்லை. வேனுக்குக் கையாட்டிக்கொண்டு நின்ற மெர்சியை நான் பார்த்திருக்கிறேன்.

“இப்ப மெர்சி எங்க அத்தை?”

“பின்னால துணி காயப்போடுதா.”

“அப்ப கேக்காதுல்லா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், பழகிப் பாருங்க. தானா தலை சீவுவாளா?”

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் பக்கத்துல நின்னா சீவுவா.”

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை நான் கேட்டதே இல்லை. பட்டியலின்படி இதற்கு முழு மதிப்பெண் கிடையாது; மதிப்பெண் குறைந்தால் சதவீதம் கூடும். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதில்தான் அடுத்ததை யோசிக்காமல் கேட்டேன்.

“நீங்க பக்கத்துல இல்லாட்டி?”

“அந்தக் கேள்வி உங்க பட்டியல்ல இருக்காட்டி?”

“இல்ல அத்தை.”

“பின்ன ஏன் கேக்க?” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தர வேண்டிய தாளில் இதுவரை இரண்டே வரி எழுதியிருக்கிறேன். ‘பிள்ளையைப் பற்றிய கேள்வியைப் பிள்ளை முன்னால் கேட்க மாட்டேன். கேட்டே ஆக வேண்டிய இடத்தில் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.’ கவிதா எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன புள்ள, தத்துவத்துல தெரியலன்னு எழுதிவெச்சிருக்கற? மார்க்குப் போட மாட்டாங்க,” என்றாள். இருக்கட்டும்.

முகாமன்று லீவு போட்டுவிட்டுப் போவேன். அங்கே தமிழிலேயே கேட்பார்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். நான் உள்ளே போக மாட்டேன். டாக்டர் முதலில் மெர்சியைப் பார்க்கட்டும். பார்த்து முடிந்ததும் அவளை நான் வெளியே கூட்டி வந்துவிடுவேன். மீன்தொட்டி இருக்காது, ஏதாவது மரமோ, நிற்கிற பஸ்ஸோ காட்ட வேண்டும். பட்டியலை எடுக்கும்போது அத்தை மட்டும் உள்ளே இருப்பார். தனியாக இருந்தால் மட்டும் சொல்லிவிடுவாரா என்று கேட்டால், சொல்வார் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அந்த அறைக்குக் கதவு இருக்கிறதா என்று அண்ணன் மகனிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இருந்தால், சாத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும்.